விசாரிக்க வருகிறவர்கள்

பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் காலை டீ நேரத்தில்தான் வருவார்கள். இரண்டு பேராக வருவார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர் சுற்றிப் பார்ப்பார். பேசுகிறவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்று தொடங்குவார். எங்கள் தையல் யூனிட் இருக்கும் பக்கம் யாரும் சும்மா வர முடியாது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சாலையில் வந்து, ஒரு மண்பாதையில் திரும்பி, கருவேல மரங்களுக்கு நடுவே கடைசிவரை போனால் எங்கள் கேட். அதற்குமேல் பாதை கிடையாது.

நான் அங்கே லைன் மேனேஜர். அதற்கு முன்பு திருச்சியில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். அங்கே ஆட்களைக் குறைத்தபோது புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஆயத்த ஆடை யூனிட் நடத்திய ஒருவருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுத ஆள் தேவைப்பட்டது. மெயில் எழுதப் போனவனிடம் கொஞ்ச நாளில் ஒரு லைனையும் ஒப்படைத்துவிட்டார்.

சட்டை தைக்கும் லைன். ஒருத்தி கை வைப்பாள், ஒருத்தி காலர் வைப்பாள், ஒருத்தி பொத்தான் துளை போடுவாள். ஒரு முனையில் வெட்டிய துணியாக நுழைவது மறுமுனையில் சட்டையாக வெளியே வரும். தைக்கிறவர்களுக்கு நீலத் தலைத்துணி. முடிந்த சட்டையில் பிசிறு வெட்டிப் பழுது பார்க்கிற செக்கிங் மேசைக்காரர்களுக்குப் பச்சை. யாருக்கு என்ன வேலை என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று செய்த ஏற்பாடு. எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்பதை ஏற்பாடு செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் வேலைக்குப் போகிற பெண்ணுக்குச் சம்பந்தம் பேசினால், வேலை செய்யும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் முடிக்க மாட்டார்கள். சொந்தக்காரன் கூட்டிச் சொல்வான், பக்கத்து வீட்டுக்காரன் குறைத்துச் சொல்வான், மேனேஜருக்கு இரண்டுக்கும் அவசியமில்லை என்பது கணக்கு. அடிக்கடி லீவு போடுமா, கோபம் வருமா, போனில் பேசிக்கொண்டே இருக்குமா என்று கேட்பார்கள். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வேன். செய்தி எழுதிப் பழகியவனுக்கு அது சிரமமில்லை. என் பதிலால் நடந்த கல்யாணங்களின் அழைப்பிதழ்கள் என் மேசை டிராயரில் இருந்தன. நின்றுபோன எதுவும் அதுவரை இல்லை.

நான் சொல்ல வந்த பெண் அரிமளம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கம்பெனி வேனில் வருவாள். காலர் வைப்பாள். லைனில் அதுதான் கடினமான இடம். துணியைத் திருப்பும் இடத்தில் ஒரு நூல் விலகினாலும் சட்டையைப் போட்டவனின் கழுத்துக்குக் கீழே அது தெரிந்துவிடும். அவள் தைத்த பீஸ் பழுதென்று திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை கீரனூர்க்காரர். திருச்சியில் ஒரு இரும்புப் பட்டறைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர். பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் அவள் லைன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். எனக்கு இரண்டு துண்டு வைத்து, "இன்னும் முடிவாகலை சார், சும்மாதான்" என்றாள்.

அடுத்த வாரம், சாப்பாட்டு நேரம் முடிந்து லைன் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. நான் லைனின் மறுகோடியில் இருந்தேன். முதலில் கேட்டது அலறல் அல்ல, அந்தப் பக்கத்து மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோன அமைதி. அவள் இடப்பக்கமாகச் சரிந்திருந்தாள். கால் மிதியை அழுத்தியபடி விறைத்திருந்தது, ஊசி இடது ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரத்தில் இறங்கியிருந்தது. அடுத்த மிஷின்காரரான ஆவூர்ப் பக்கத்து அக்காதான் மேசைக்கு அடியில் கையை விட்டு சுவிட்சை நிறுத்தினார். யாரோ கத்தரிக்கோலை அவள் உள்ளங்கையில் திணிக்கப் பார்த்தார்கள். நான் அதைப் பிடுங்கி எறிந்தேன். அன்று நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

முதலுதவி அறையில் கண் திறந்ததும் விரலைப் பார்க்கவில்லை, வலிக்கிறது என்று சொல்லவில்லை. "யாராரு பாத்தா?" என்று கேட்டாள்.

ஆவூர் அக்கா அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "எல்லாருந்தான் பாத்தோம். யாரும் பாக்கல. போதுமா?"

ஆஸ்பத்திரியில் மற்றதெல்லாம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இருந்த நோய். மாத்திரை ஒழுங்காகப் போட்டவரை பல வருடங்கள் வரவே இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் டி.வி. பக்கத்தில் இருந்த மாத்திரை அட்டையை அவளுடைய அம்மா எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டிருக்கிறார். பிறகு, கல்யாணம் முடிகிறவரை நிறுத்தி வைப்போம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். டாக்டரிடம் அந்த அம்மா திட்டு வாங்கினார். வெளியே வந்து மரத்தடியில் நின்று என்னிடம் சொன்னார்.

"வலிப்பு வந்தா வந்த அன்னைக்கு மட்டுந்தான் சார் தெரியும். மாத்திரை தெனமும் தெரியுமே. புருசன் வீட்டுல வச்சு முழுங்கவும் முடியாது, அதான் இப்பவே விட்டுப் பழகட்டும்னு நெனச்சேன்."

மாத்திரையை விடக்கூடாது என்றேன். சரி என்று தலையாட்டினார்.

திருச்சியிலிருந்து எப்போதாவது வரும் எங்கள் ஹெச்.ஆர். அதிகாரி முன்பு எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்திருந்தார். ஊழியரின் உடல்நிலை, குடும்பம் போன்ற விஷயங்களை மேனேஜர் எப்படிக் கையாள வேண்டும் என்பது தலைப்பு. கேள்விப்பட்டதை வெளியே சொல்லாதீர்கள், வைத்தியம் சொல்லாதீர்கள், வேலையை அவருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுங்கள் என்றார். போனில் கேட்டபோதும் அதையே சொன்னார். டாக்டர் சர்டிபிகேட் வரும்வரை ஊசி இருக்கிற மிஷின் கூடாது. காரணம் யாருக்கும் தெரியக்கூடாது.

அவளைச் செக்கிங் மேசைக்கு மாற்றினேன். அங்கே ஆள் போதவில்லை என்று லைனில் சொன்னேன். எல்லாருக்கும் காரணம் தெரியும். எல்லாரும் தெரியாதது போல நடந்துகொண்டார்கள். லைனில் இருந்து ஒரு சொல் வெளியே போகவில்லை, இதை நான் உறுதியாகச் சொல்வேன். பத்திரிகை அலுவலகத்தில்கூட இப்படி ஒரு ரகசியம் காக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் தலையில் இருந்த துணி நீலத்திலிருந்து பச்சையாகிவிட்டது. அதை யார் மறைப்பது? வேன் ஏறும் முன்பே அவிழ்த்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள். காலையில் கேட்டுக்குள் வந்த பிறகுதான் கட்டுவாள்.

விசாரிக்க மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். கூட ஒருவர். டீ நேரம், மடியில் ஹெல்மெட், சும்மா இந்தப் பக்கம். வழக்கமான கேள்விகளுக்கு என்னால் நல்ல பதில்களைச் சொல்ல முடிந்தது, அவை உண்மையாகவும் இருந்தன. சுற்றிப் பார்ப்பவர் என் ஜன்னல் வழியாக லைனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனின் காதில் ஏதோ சொன்னார்.

"பொண்ணு டெய்லருன்னு சொன்னாக. பச்சத்துணி கட்டியிருக்கு?" என்றார் மாமன்.

தேவைக்கேற்ப ஆட்களை மாற்றி மாற்றிப் போடுவோம் என்றேன்.

"நல்லாத் தைக்கிற புள்ளைய எதுக்குங்க மாத்துறீக?" அவர் குரலில் சண்டை இல்லை. நியாயமான கேள்வி. அவர் இருந்த பக்கம் நான் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். பிறகு, அதிகம் யோசிக்காமல், "ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். தாலி கட்டி ஒரு மாதத்தில் அந்த வீட்டில் ஒரு வலிப்பு வந்தால், மேனேஜரே சொன்னாரே என்று அவளை வேனில் ஏற்றி அம்மா வீட்டில் விட்டுவிடுவார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது என் உண்மை அல்ல. "ஸ்டாஃப் உடம்பப் பத்தி நான் வெளிய எதுவும் சொல்லக் கூடாதுங்க. யாரப் பத்திக் கேட்டாலும் இதான்" என்றேன்.

பத்திரிகைக்காரனிடம் ஒரு அதிகாரி இப்படிச் சொன்னால், கருத்துக் கூற மறுத்துவிட்டார் என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போவோம். தாய்மாமன் டீ கிளாஸை மேசையில் வைத்தார். பாதி டீ இருந்தது. "அது சரிங்க, ஒங்க டூட்டி ஒங்களுக்கு" என்று எழுந்துகொண்டார். எங்கள் ஊரில் நல்ல பெண்ணைப் பற்றி யாரும் சொல்லாமல் இருப்பதில்லை.

சில நாள் கழித்து அவள் என் அறைக்கு வந்தாள். ஆவூர் அக்கா கதவுக்கு வெளியே நின்றார், யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள. அந்த வீட்டிலிருந்து யோசித்துச் சொல்கிறோம் என்று தகவல் வந்திருக்கிறதாம். மாப்பிள்ளையின் அக்கா ஆயுத பூஜைக்கு யூனிட்டைப் பார்க்க வருகிறாராம். அவர் கல்யாணத்துக்கு முன்பு திருப்பூரில் தைத்தவராம். அந்த ஒரு நாள் மட்டும் அவளுக்குக் காலர் மிஷின் வேண்டும்.

ஆயுத பூஜை அன்று எங்கள் யூனிட்டில் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அவரவர் மிஷினை அவரவரே துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச் சுற்ற வேண்டும். ஆவூர் அக்கா மட்டும் சந்தனத்தைப் பொட்டாக வைக்காமல் சின்னச் சிலுவையாக இழுத்துவிடுவார். முதலாளி அதைப் பார்த்தாலும் பாராதவர் போலப் போவார். தீபாராதனை முடிந்ததும் எல்லாரும் ஒரு துண்டுத் துணியில் ஒரே ஒரு நேர்த்தையல் போட்டுவிட்டு மிஷினுக்கு உறை மாட்டுவார்கள். செக்கிங் மேசைக்காரர்களுக்கு மிஷின் கிடையாது. அவர்கள் கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைப்பார்கள்.

"ஒரு நாளைக்குத்தான சார். அன்னைக்கு வேலையே கெடையாது" என்றாள். "மாத்திரை இப்ப விடாம போடுறேன். இனிமே வராது."

கல்யாணத்துக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது என்று நான் சொன்னேன். சொல்லும்போதே அந்த வாக்கியம் ஹெச்.ஆர். வகுப்பில் இருந்து எடுத்தது போல எனக்கே கேட்டது.

அவள் கோபப்படவில்லை. "சொன்னா யாரு சார் கட்டுவா?" என்று கேட்டாள். "ஒங்க வீட்டுல ஒரு பையன் இருந்தா, நீங்க எடுப்பீகளா?"

எனக்கு ஒரு பையன் இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஹெச்.ஆர். போனில் முடியாது என்றார். முதலாளி, மாப்பிள்ளை வீட்டு விவகாரத்தில் நாம் தலையிட வேண்டாம் என்றும், அந்தப் பெண் மறுபடி கையில் ஓட்டை போட்டுக்கொண்டால் உருளப்போவது என் தலை என்றும் ஒரே மூச்சில் சொன்னார். நான் அவளைக் கூப்பிட்டு, பொட்டு வைக்கலாம், பூப் போடலாம், மிஷின் முன்னால் உட்காரலாம், தையல் மட்டும் போடக்கூடாது என்றேன். ஆவூர் அக்கா அன்று தன் நீலத்துணியில் ஒன்றைக் கொடுப்பதாக ஏற்பாடு. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரி மரத்தடியில் ஆட்டியது போலவே இருந்தது. அதனால் பூஜையன்று காலையில், யாரும் வருவதற்கு முன்பே உள்ளே போய் அந்தக் காலர் மிஷினுக்கு அடியில் இருந்த சுவிட்சை நிறுத்திவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் அக்கா தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். முகத்தில் கடுமை எதுவும் இல்லை. நேராகக் காலர் மிஷினுக்குப் போய், அங்கே நீலத்துணியோடு நின்ற பெண்ணின் கன்னத்தைத் தொட்டுப் பேசினார். மகளைத் தூக்கி மிஷின்மேல் இருந்த சாமந்தியைக் காட்டினார். அவள் விரலில் நகம் கறுத்திருந்ததைப் பார்த்து ஏதோ கேட்டார். இவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். தைக்கிறவர்களுக்குள் ஊசி ஏறுவது சகஜம். அவரும் தன் விரல் ஒன்றை நீட்டிக் காட்டினார். தள்ளி நின்ற எனக்கு, இது நல்லபடியாக முடிந்துவிடும் என்றுகூடத் தோன்றியது.

தீபாராதனை முடிந்தது. மணி நின்றதும் லைன் முழுக்க ஒரே சமயத்தில் தையல் சத்தம் கிளம்பி அடங்கியது. காலர் மிஷின் மட்டும் ஓடவில்லை.

"நீ போடலையா?" என்றார் மாப்பிள்ளையின் அக்கா.

அவள் மடியில் ஒரு துண்டுத் துணி தயாராக இருந்தது. அதை ஊசிக்கு அடியில் வைத்து மிதியை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு நிமிர்ந்து, கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடிப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆவூர் அக்காவுக்குப் புரிய கொஞ்சம் நேரமாயிற்று. "இந்த மிஷினுக்கு மட்டும் நேத்துலேர்ந்து கரண்ட் வரலைங்க. மெக்கானிக்கு லீவு" என்றார். பொய் சொல்லிப் பழகாதவர் குரல், தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அக்கா மகளை இடுப்பில் இருந்து இறக்கிவிட்டார். எதையும் தேடாமல், எந்தத் தையல்காரியின் கையும் போவது போல, அவர் கை மேசைக்கு அடியில் போனது. சுவிட்ச் சத்தம் எனக்குக் கேட்டது. மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஆஃப்ல இருந்திருக்கு. இப்பத் தையி."

நான் ஆறேழு அடி தூரத்தில் நின்றேன். வேண்டாம் என்று சொன்னால், ஏன் வேண்டாம் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் ஒரு நொடியில் தெரிந்துவிடும். சொல்லாமல் இருந்தால், ஊசிக்கு அடியில் அவள் விரல் இருக்கிறது. முதலாளியும் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பொரிப் பொட்டலத்தோடு அப்படியே நின்றார். லைனில் யாரும் உறை மாட்டவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் குனிந்து மிதியை அழுத்தினாள்.

ஒரு சாண் நீளத் தையல். நூல் பிடித்தது போல நேராகப் போய் முடிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா துணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பொம்மைக்குப் போர்த்த மகளிடம் கொடுத்தார்.

போகும்போது என்னிடம் வந்தார். சுண்டல் நன்றாக இருந்தது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சுவிட்ச யாருங்க நிப்பாட்டி வச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"ஏன்னு கேக்க மாட்டேன்" என்றார். "கேட்டாலும் நீங்க சொல்ல மாட்டீக. மாமா சொன்னாரு."

மகள் கையைப் பிடித்துக்கொண்டு கேட் பக்கம் நடந்தார். அந்தச் சின்னப் பெண் துண்டுத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள்.

வேண்டாம் என்று அந்த வீட்டிலிருந்து தகவல் வரவில்லை. இந்தப் பக்கத்தில் அப்படி யாரும் சொல்லி அனுப்புவதில்லை. பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. கீரனூரிலிருந்து வரும் வேனில் யாரோ ஒருத்தி, அந்த மாப்பிள்ளைக்குத் தையில் கல்யாணம் என்றும், பெண் விராலிமலைப் பக்கம் என்றும் கேள்விப்பட்டு வந்தாள். காலர் பெண்ணிடம் அதை யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றும் அவள் பச்சைத்துணி கட்டிக்கொண்டு பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அன்று அவள் ஒதுக்கிய சட்டைகளை நான் எடுத்துப் பார்த்தேன். ஒதுக்கியது எல்லாம் சரியாகவே ஒதுக்கப்பட்டிருந்தது.

மேனேஜர் அந்த இடத்தில் என்ன பேச வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கக்கூடும், எனக்கு நினைவில்லை. சாயங்காலம் வேனுக்கு நிற்கும்போது அவளாகவே வந்தாள். தலைத்துணியை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"நீங்க அத ஆஃப் பண்ணாம இருந்திருந்தா அவுக அடில கைய விட்டிருக்க மாட்டாக சார்" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. பழுதான பீஸில் பழுது எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுவது போல இருந்தது.

ஆன் பண்ணி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் தொடங்கினேன். முடிக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதை இருவருமே பார்த்துவிட்டோம். ஆகியிருக்கலாம் என்பதும் இருவருக்கும் தெரியும்.

சர்டிபிகேட்டுக்கு டாக்டர் இன்னும் சில மாதம் பார்க்க வேண்டும் என்கிறார். அதுவரை செக்கிங் மேசைதான். அது வந்து அவள் மறுபடி நீலத்துணி கட்டினாலும், நடுவில் ஏன் பச்சை கட்டினாள் என்று யாராவது கேட்பார்கள்.

போன வாரம் டீ நேரத்தில் அவள் என் அறை வாசலில் நின்றாள். அம்மா மறுபடி ஜாதகத்தை வெளியே கொடுத்திருக்கிறாராம். பொன்னமராவதிப் பக்கத்தில் ஒரு இடம், நல்ல குடும்பம் என்கிறார்களாம்.

"விசாரிக்க வருவாக சார்" என்றாள்.

தெரியும் என்றேன். நல்லபடியாகச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"அன்னைக்கு நீங்க லீவு போட்டுக்கிறீகளா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. வேறு மிஷினுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது போல, நடக்கக்கூடிய ஒன்றைக் கேட்கும் முகம். நான் இல்லாவிட்டால் அவர்கள் ஆவூர் அக்காவிடம் கேட்பார்கள், அவர் ஏதாவது சொல்லிக்கொள்வார் என்று யோசித்து வைத்திருக்கிறாள்.

என்றைக்கு வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாதே என்றேன்.

"தெரிஞ்சா மொத நா சொல்லிடுறேன் சார்."

சரி என்றேன். அவள் போய்ச் செக்கிங் மேசையில் உட்கார்ந்தாள். அந்த மேசை கேட்டைப் பார்த்தபடி இருக்கிறது. ஒரு பைக் வந்து நின்றது. அவள் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். வந்தது கூரியர்காரர்.